எஸ்யூவி சரியாக வர, எடை மெஷினில் தொடங்குங்கள்

குடியாத்தத்திலிருந்து ஒரு கைத்தறி நெசவாளர் வந்திருந்தார். உணவுக்குழாய்ப் புற்றுநோய். அறுவைக்கு முன் கொடுக்கும் கீமோ முடிந்து, இரண்டாவது பெட் ஸ்கேன், அதாவது கதிர்வீச்சுள்ள மருந்தை ஊசியில் ஏற்றி, அது உடம்பில் எங்கே சேர்கிறது என்று பார்க்கும் படம். எடை எவ்வளவு என்று கேட்டதற்கு, "அறுவத்திரண்டும்மா" என்றார். அது முதல் ஸ்கேன் எடுத்தபோது இருந்த எடை. மெஷினில் ஏற்றிப் பார்த்தால் 54. அவர் சொன்னதையே கணினியில் அடித்திருந்தால் உடம்பில் எங்கு அளந்தாலும் எஸ்யூவி (அந்த மருந்து ஓரிடத்தில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று சொல்லும் எண்) ஏறக்குறைய 15 சதவீதம் கூடுதலாகக் காட்டியிருக்கும். கட்டி அடங்கிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு "கீமோ பிடிக்கவில்லையோ" என்று டாக்டரை யோசிக்கவைக்க அது போதும்.

வேலூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் 14 வருடமாக டெக்னாலஜிஸ்டாக இருக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேரும் தம்பி தங்கைகளுக்கு வாயால் சொல்லிக்கொண்டிருப்பதை இங்கே எழுதிவைக்கிறேன். விலை உயர்ந்த மெஷின் இருந்தால் எண் தானாகச் சரியாக வந்துவிடும் என்று நினைத்துத்தான் எல்லோரும் வருகிறார்கள். நான் பார்த்தவரை, எண் கெடுவது பெரும்பாலும் நோயாளி ஸ்கேனருக்குள் போகும் முன்பே.

எஸ்யூவி ஒரு வகுத்தல் கணக்குதான். கட்டியில் ஒரு மில்லிலிட்டருக்கு எவ்வளவு கதிர்வீச்சு இருக்கிறது என்பது மேலே. உடம்புக்குள் போன மருந்தின் அளவை உடல் எடையால் வகுத்தது கீழே. மருந்து உடம்பு முழுக்க ஒரே சீராகப் பரவியிருந்தால் எங்கு தொட்டாலும் 1 வரும். கட்டியில் 8 என்றால் சராசரியைப் போல எட்டு மடங்கு சேர்ந்திருக்கிறது என்று பொருள். மேலே இருப்பதை ஸ்கேனர் அளக்கிறது. கீழே இருப்பதை நாம் கையால் தருகிறோம். அதனால் எடை, டோஸ், நேரம் ஆகிய மூன்றையும் யார் வாய்ச் சொல்லையும் நம்பி நிரப்பக் கூடாது.

எடையை ஒவ்வொரு முறையும் புதிதாக எடுங்கள். செருப்பு, கைப்பை, ஃபைல் எல்லாம் கீழே. சக்கர நாற்காலியில் வருபவரை நாற்காலியோடு எடுத்து, காலி நாற்காலியின் எடையைக் கழியுங்கள். உயரத்தையும் அளந்துவிடுங்கள். கொழுப்பில் எஃப்டிஜி, அதாவது நாம் ஊசியில் ஏற்றும் மருந்து, அதிகம் சேராது. அதனால் பருமனானவர்களுக்கு வெறும் எடையை வைத்துப் போட்ட எஸ்யூவி உயர்ந்து தெரியும். கொழுப்பு நீக்கிய எடையில் கணக்கிட வேண்டி வந்தால் உயரம் தேவைப்படும். எடை மெஷின்மேல் மாதம் ஒருமுறை 20 கிலோ எடைக்கல் வைத்துப் பார்ப்பது என் வழக்கம்.

அடுத்தது டோஸ். சிரிஞ்சில் இழுத்தது 8 மில்லிகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்றால் உடம்புக்குள் போனதும் 8 என்று எழுதாதீர்கள். ஊசி போட்டபின் காலி சிரிஞ்சையும் குழாயையும், மருந்தின் கதிர்வீச்சை அளக்கும் டோஸ் காலிப்ரேட்டரில் திரும்ப வைத்து அளந்தால் 0.4 இருக்கலாம். அதைக் கழிக்காமல் விட்டால் எஸ்யூவி 5 சதவீதம் குறைந்து வரும். சலைனை சிரிஞ்சுக்குள் இரண்டு மூன்று முறை இழுத்துத் தள்ளினால் மிச்சம் குறையும். ஆனாலும் அளக்காமல் விடாதீர்கள். முன் அளவு, அதன் நேரம், ஊசி நேரம், மிச்சம், மிச்சம் அளந்த நேரம் ஆகிய ஐந்தும் ஒரே தாளில் இருக்கட்டும்.

ஊசி நரம்பைவிட்டு வெளியே கசிந்தால் கணக்கே போச்சு. கையில் தங்கிய மருந்து கட்டிக்குப் போய்ச் சேரவில்லை, ஆனால் கணினி போனதாகவே நினைக்கும். கீமோ ஏற்றி ஏற்றி நரம்பு சுருங்கிப்போனவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். கேனுலா போட்டு, சலைன் தடையில்லாமல் போகிறதா என்று பார்த்தபின்தான் மருந்து. மார்பில் நோய் இருந்தால் எதிர்ப்பக்கக் கையில் போடுங்கள். ஊசி போட்ட இடத்தைப் படத்தில் பாருங்கள். கசிவு தெரிந்தால் ரிப்போர்ட் எழுதும் டாக்டரிடம் நேராகப் போய்ச் சொல்லுங்கள். கசிந்ததை உத்தேசமாகக் கழித்து எண்ணைச் சரிக்கட்டும் வேலை வேண்டாம்.

இப்போது கடிகாரம். இதில்தான் நான் அடிபட்டேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எஃப்டிஜியில் இருக்கும் ஃப்ளோரின் 18-இன் அரை ஆயுள், அதாவது கதிர்வீச்சு பாதியாகக் குறையும் நேரம், சுமார் 110 நிமிடம். இதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் மெஷின் இருக்கும் ஊரில் காலையில் நிரப்பிய புட்டி, வண்டியில் இரண்டரை மணி நேரம் வந்து மருந்தை அளந்து பிரிக்கும் நம் ஹாட் லேபைத் தொடும்போது 40 சதவீதம்கூட மிச்சம் இருக்காது. நிமிடத்துக்கு நிமிடம் கரைகிற பொருள் இது. முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், மின்சாரம் போய்ப் போய் வந்ததில் டோஸ் காலிப்ரேட்டரின் கடிகாரம் 12 நிமிடம் பின்தங்கியிருந்தது. சுவர்க் கடிகாரமும் ஸ்கேனரும் சரியாகத்தான் ஓடின. பத்து மணிக்கு அளந்த டோஸை 9:48-க்கு அளந்ததாக எழுதினோம். நடக்காத 12 நிமிடத் தேய்மானத்தைக் கணினி கழித்துக்கொண்டது. எல்லா நோயாளிக்கும் எஸ்யூவி 8 சதவீதம் கூடிவிட்டது. மூன்று வாரம் யாரும் கவனிக்கவில்லை. இதுவே காலியம் 68 மருந்தாக இருந்திருந்தால், அதன் அரை ஆயுள் 68 நிமிடம்தான் என்பதால், பிழை 13 சதவீதத்தைத் தொட்டிருக்கும்.

அதைக் கண்டுபிடித்தது ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒவ்வொரு நோயாளிக்கும் கல்லீரலின் வலது மடலில், நோய் இல்லாத இடத்தில், 3 சென்டிமீட்டர் உருண்டை ஒன்று வரைந்து, அதன் சராசரி எஸ்யூவியை நோட்டில் எழுதிவந்தேன். பெரும்பாலானோருக்கு அது 2-ஐ ஒட்டி இருக்கும். ஒருவருக்கு 2.4 வந்தால் அதற்கு ஆயிரம் காரணம் உண்டு. ஆனால் வாரச் சராசரியே ஏறிக்கொண்டு போனால், அத்தனை பேருடைய கல்லீரலும் ஒரே வாரத்தில் மாறிவிட்டது என்று யாராவது நம்புவார்களா? கோளாறு நம் பக்கம்தான். மூத்த பிசிசிஸ்ட் ஒருவரிடம் நோட்டைக் காட்டினேன். அவர் முதலில் பார்த்ததே கடிகாரத்தை. பாதித்த ஸ்கேன்களுக்கெல்லாம் நேரத்தைத் திருத்தி, எண்ணைத் திரும்பக் கணக்கிட்டு, டாக்டர்களுக்குச் சொல்லி அனுப்பினோம். அன்றிலிருந்து காலை ஏழரைக்கு ஹாட் லேப், ஊசி அறை, ஸ்கேனர் என்று மூன்று கடிகாரத்தையும் ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் முதல் ஊசியைத் தொடுவதில்லை. நோட்டும் இன்றுவரை தொடர்கிறது. உங்கள் சென்டரில் எதைத் தள்ளிப்போட்டாலும் இந்த நோட்டை மட்டும் நாளைக்கே தொடங்கிவிடுங்கள்.

சர்க்கரையும் பட்டினியும். எஃப்டிஜி என்பது குளுக்கோஸ் மாதிரியான பொருள். ரத்தத்தில் சர்க்கரை அதிகம் இருந்தால் அதோடு போட்டி போட்டு, கட்டிக்குள் குறைவாகத்தான் நுழையும். ஆறு மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் கூடாது என்று சீட்டில் அச்சடித்திருப்போம். ஆனால் நம் ஊரில் டீ சாப்பாட்டுக் கணக்கில் சேராது.

"காலையில இன்னா சாப்ட்டீங்க அய்யா?"

"ஒண்ணும் சாப்பிடலம்மா. டீ மட்டும்தான்."

அதனால் "சாப்பிட்டீர்களா" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். டீ குடித்தீர்களா, மாத்திரைக்குப் பால் குடித்தீர்களா, பிஸ்கட், வெற்றிலை பாக்கு என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். குளுக்கோமீட்டரில் பார்த்த எண்ணைத் தாளில் எழுதுங்கள். 200-ஐத் தாண்டினால் ஊசி போடும் முன் டாக்டரைக் கேளுங்கள். பெரும்பாலும் வேறு நாள் வரச் சொல்வார்கள். அவசரப்பட்டு இன்சுலின் போட்டு உடனே எஃப்டிஜி ஏற்றினால் மருந்து தசைக்குப் போய்விடும். கட்டி மங்கும். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் குடலைப் பளிச்சென்று காட்டும். அதை இரண்டு நாள் நிறுத்தலாமா என்பதை அவர்களுடைய டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

முந்தின நாள் கடுமையான உடலுழைப்பும் வேண்டாம். எங்கள் பக்கம் இதை ஆளுக்குத் தகுந்த மாதிரிதான் சொல்ல வேண்டும். நெசவாளரிடம் "உடற்பயிற்சி செய்யாதீர்கள்" என்றால் தனக்கில்லை என்று நினைத்துக்கொள்வார். "நேத்து தறி மிதிச்சீங்களா?" என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். காட்பாடி ஸ்டேஷனில் இறங்கி மூட்டை தூக்கி வந்தவருக்கும் தோளும் தொடையும் மின்னும். ஏசி அறையில் குளிரெடுத்தால் உடம்பைச் சூடாக்க வேலை செய்யும் கழுத்தோரப் பழுப்புக் கொழுப்பு மருந்தை இழுத்துக்கொள்ளும். வெளியே சித்திரை வெயில் கொளுத்தினாலும் உள்ளே கம்பளி கொடுங்கள்.

காத்திருக்கும் நேரம் 60 நிமிடம். ஏன் இவ்வளவு கறார் என்றால், ஒரு மணி நேரத்தோடு கட்டி நின்றுவிடுவதில்லை. பல கட்டிகள் அதற்குப் பிறகும் மருந்தைச் சேர்த்துக்கொண்டே போகும். முதல் ஸ்கேன் 60-இல், அடுத்தது 95-இல் எடுத்தால், நோய் மாறாமலே எண் ஏறும். மருந்துப் புட்டி வந்து இறங்கியதும், தேய்கிறதே என்ற பதற்றத்தில் நான்கு பேருக்கும் வரிசையாக ஊசி போட்டுவிடுவது சென்டர்களில் சகஜம். கடைசி ஆள் ஒன்றே முக்கால் மணி நேரம் காத்திருப்பார். ஊசி நேரத்தை ஸ்கேனர் மேசையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். ஒருவருக்கு 25 நிமிடம் பிடிக்கும் என்றால் ஊசிக்கும் ஊசிக்கும் இடையே 25 நிமிடம். கடைசி ஆளுக்கு மருந்து குறையுமே என்றால், அந்தத் தேய்மானத்தையும் சேர்த்து முன்கூட்டியே ஆர்டர் கொடுக்க வேண்டும். இரண்டாவது ஸ்கேன் என்றால் முதல் ஸ்கேனின் காத்திருப்பிலிருந்து 10 நிமிடத்துக்கு மேல் விலகாமல் பாருங்கள்.

மேசையில் படுக்கவைத்தபின் மூச்சு. பெட் எண்ணைத் திருத்த உதவும் சிடி எடுக்கும்போது நெஞ்சு நிறைய இழுத்துப் பிடித்தால், உதரவிதானம் ஓர் இடத்திலும் பெட் படத்தில் வேறோர் இடத்திலும் இருக்கும். ஸ்கேனர் தவறான திசுவை வைத்துத் திருத்தம் போட்டு, கல்லீரல் உச்சியிலும் நுரையீரல் அடியிலும் எண்ணைக் குறைத்துவிடும். மூச்சை அடக்காமல், தூங்கும்போது விடுவதுபோல மெதுவாக விடச் சொல்லுங்கள். எங்களிடம் வருபவர்களில் வங்காளிகள் நிறையப் பேர். அவர்களுக்காக "ஆஸ்தே ஆஸ்தே" என்று சொல்லக் கற்றுக்கொண்டோம்.

மெஷின் பக்கம் வருவோம். டோஸ் காலிப்ரேட்டரும் ஸ்கேனரும் ஒரே அளவில் பேச வேண்டும். தினமும் காலையில் சீசியம் 137 என்ற கதிரியக்க மூலத்தை வைத்து காலிப்ரேட்டரைப் பாருங்கள். அதன் அரை ஆயுள் 30 வருடம், அதனால் நேற்றைய எண்ணே இன்றும் வர வேண்டும். இரண்டையும் சேர்த்துச் சோதிக்க, நோயாளிக்குப் பதிலாக வைக்கும், ஏறக்குறைய 6 லிட்டர் பிடிக்கும் ஃபேன்டம் என்ற பிளாஸ்டிக் உருளையில் தண்ணீர் நிரப்பி, சுமார் 2 மில்லிகியூரி எஃப்டிஜியை அளந்து ஊற்றி, சிரிஞ்சின் மிச்சத்தைக் கழித்து, நோயாளியைப் போலவே ஸ்கேன் செய்யுங்கள். நடுவில் வட்டம் போட்டால் எஸ்யூவி 1.0 வர வேண்டும். 0.9-க்குக் கீழே போனாலோ 1.1-ஐத் தாண்டினாலோ வேலையை நிறுத்திவிட்டுக் காரணம் தேடுங்கள். இரண்டு தவறு அடிக்கடி நடக்கும். ஒன்று, எடை என்ற கட்டத்தில் பிளாஸ்டிக் உருளையையும் சேர்த்து அடித்துவிடுவது. உள்ளே இருக்கும் தண்ணீரின் எடை மட்டும்தான் வேண்டும். காலியாக ஒருமுறை, நிரப்பி ஒருமுறை எடைபோட்டுக் கழியுங்கள். இன்னொன்று, விளிம்புவரை நிரப்பிவிட்டு மருந்தை ஊற்றுவது. குலுக்க இடமே இருக்காது. கொஞ்சம் காலி விட்டு, நன்றாகக் குலுக்கியபின் மேலே தண்ணீர் விட்டுக் குமிழியை வெளியேற்றுங்கள்.

சாஃப்ட்வேர் புதுப்பித்த மறுநாளே இந்தச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். படத்தைக் கூர்மையாக்கும் புதிய முறைகள் சின்னக் கட்டியின் எஸ்யூவியை ஒரே நாளில் உயர்த்திவிடும். டாக்டர் பார்ப்பதற்கு அந்தப் படம் நன்றாகத்தான் இருக்கும், கொடுங்கள். ஒப்பிட்டு அளப்பதற்கு மட்டும் மாறாத ஒரு பழைய முறையிலும் படத்தை எடுத்துவையுங்கள்.

எண்ணைப் படிக்கும்போது கட்டியின் அளவும் கூடவே வரட்டும். 2 சென்டிமீட்டருக்குக் கீழ் உள்ள கட்டி சுற்றுப்புறத்தோடு கலங்கி, உள்ளதைவிடக் குறைவாகவே காட்டும். எஸ்யூவி மேக்ஸ் என்பது கட்டியில் உச்சமாக வரும் ஒரே ஒரு புள்ளியின் எண், படத்தின் இரைச்சலுக்கு ஆடும். ஒரு கன சென்டிமீட்டர் உருண்டையின் சராசரியை எஸ்யூவி பீக் என்போம், அது மேக்ஸைவிட நிலையானது. எல்லாம் கவனமாகச் செய்தாலும், சிகிச்சையே இல்லாமல் ஒரே ஆளை இருமுறை எடுத்தால் 10 சதவீதம் மாறுவது சகஜம். அதனால்தான் 2009-இல் வந்த பெர்சிஸ்ட் விதிமுறை, 30 சதவீதமாவது குறைந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று கணக்கில் எடுக்கிறது. நிணநீர்ப் புற்றுநோய்க்கான டோவில் அளவுகோல் கட்டியை அதே ஸ்கேனின் கல்லீரலோடு ஒப்பிடுவதால், எடைப் பிழையும் கடிகாரப் பிழையும் அங்கே அடிபட்டுப்போகும். ஆனால் சர்க்கரைப் பிழையும் காத்திருப்புப் பிழையும் அப்படியே நிற்கும்.

கடைசியாக ஒரு அட்டை. வேலூரில் முதல் ஸ்கேன் எடுத்தவர் இரண்டாவதைக் கொல்கத்தாவில் எடுக்கலாம், சித்தூரில் எடுக்கலாம். ரிப்போர்ட்டில் 11.2 என்று இருக்கும், அது எப்படி வந்தது என்று இருக்காது. எடை, உயரம், சர்க்கரை, கழித்தபின் வந்த டோஸ், காத்திருந்த நிமிடம், ஸ்கேனர் மாடல், படம் உருவாக்கிய முறை, கல்லீரல் எஸ்யூவி ஆகியவற்றைக் கைப்பட எழுதி ஃபைலில் செருகிவிடுகிறோம். குடியாத்தம் அய்யா அந்த அட்டையை மடிக்காமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். முதல் முறை 63 நிமிடம் என்று அதில் இருந்தது. கம்பளியைப் போர்த்திவிட்டு, 63-க்கு அலாரம் வைத்தேன்.