காயம்பட்ட விலங்கைத் தடம் பற்றித் தொடர்வது எப்படி?

‘தி ஹன்டர்: கால் ஆஃப் தி வைல்ட்’ போன்ற வேட்டை விளையாட்டுகளில், குண்டு பட்ட மான் பாய்ந்தோடியதும் நாமும் அதன் பின்னால் ஓடத் துடிப்போம், பெரும்பாலான வேட்டைகள் அந்த அவசரத்தில்தான் கெட்டுப்போகின்றன. நகர்வதற்கு முன், சுட்டபோது விலங்கு நின்றிருந்த இடத்தை, அருகிலுள்ள பாறையையோ தனி மரத்தையோ அடையாளமாக வைத்து மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். 200 மீட்டர் நடந்து அங்கே போய்ச் சேர்ந்தபின் எல்லாப் புதர்களும் ஒன்றுபோலவே தெரியும்.

அவ்விடத்தில் கிடைக்கும் முதல் இரத்தத் துளியை நின்று நிதானமாக ஆராயுங்கள். இரத்தப்போக்கு மிகுதி என்று திரை காட்டினால் விலங்கு அதிகத் தொலைவு போயிருக்காது. குறைவு என்றால் குண்டு பெரும்பாலும் தசையை மட்டுமே துளைத்திருக்கும், எனவே நெடுநடைக்குத் தயாராகிவிடுவது நல்லது. நுரையீரலில் பட்ட காயத்திலிருந்து நுரை கலந்த வெளிர்சிவப்பு இரத்தமும், கல்லீரலில் பட்டதிலிருந்து கருஞ்சிவப்பு இரத்தமும் வருவது உண்மையான காட்டின் இயல்பு; சில விளையாட்டுகள் இந்த நுணுக்கத்தையும் விட்டுவைப்பதில்லை.

தடத்தின் மீதே நடந்து அதை மிதித்துக் குழப்பிக்கொள்ளாமல், சற்று ஒதுங்கி இணையாக நடப்பது என் வழக்கம். தடம் அறுந்துவிட்டால் கண்போன போக்கில் தேடாமல், கடைசித் துளிக்கே திரும்பி, அதை மையமாகக் கொண்டு சிறு வட்டமாகத் தொடங்கி மெல்ல விரித்துத் தேடுங்கள். ஓட்டமாக இருந்த குளம்புத் தடம் நடையாக மாறியதைக் கண்டவுடன் குனிந்துகொள்ளுங்கள். விலங்கு அநேகமாக அடுத்த புதருக்குப் பின்னால்தான் இருக்கும்.