புது பிஸ்டல் சிக்குதா? ஸ்க்ரூடிரைவரைக் கீழே வையுங்கள்

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் என் மாமா, உரிமம் வாங்கி 32 போர் (குழல் அளவு) பிஸ்டலை வீட்டுக்குக் கொண்டுவந்த கொஞ்ச நாளிலேயே தேர்தல் வந்துவிட்டது. வழக்கம்போல ஸ்டேஷனில் ஒப்படைத்தார். திரும்பக் கைக்கு வந்ததும் சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போனோம். சுட்ட பத்து ரவுண்டில் மூன்று சிக்கின. "நல்லா ஏமாத்திட்டானுங்க மாப்ளே" என்றார்.

தோட்டா அடுக்கும் கூடான மேகசினை உருவி, தோட்டா ஏறி வெடிக்கும் சேம்பர் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துவிட்டுக் கழற்றினோம். தொழிற்சாலையில் பூசிய கிரீஸ் பசையாக இறுகிக் கிடந்தது. அது துருவைத் தடுக்கப் பூசுவது. துடைக்காமல் சுட்டது முதல் தவறு. துடைத்த கையோடு மாமா எண்ணெயில் குளிப்பாட்டப் பார்த்தார். சுடும்போது பின்னால் போய்த் திரும்பும் மேல் பாகமான ஸ்லைடு ஓடும் தடத்தில் ஒரு சொட்டு போதும். மேகசினுக்குள் எண்ணெய் இறங்கித் தோட்டாவின் அடியில் தீப்பொறி கொடுக்கும் பிரைமரை நனைத்தால் அது வெடிக்காமலே போகலாம்.

அடுத்தது பலருக்கும் பிடிபடாத விஷயம். ஜான் பிரௌனிங் வடிவமைத்த இந்தத் தோட்டாவின் அடி விளிம்பு, உடலைவிட ஒரு இழை அகலம். மேகசினில் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டினால், மேலே இருப்பது முன்னால் நகராது. ஸ்லைடை எத்தனை முறை இழுத்தும் பயனில்லை. நீளம் குறைந்த தோட்டா என்றால் உள்ளே ஆட இடம் கிடைத்து, இன்னும் சுலபமாக மாட்டிக்கொள்ளும். நிரப்பும்போதே ஒவ்வொரு விளிம்பும் கீழே உள்ளதற்கு முன்னால் உட்காருகிறதா என்று பாருங்கள்.

மலைப் பனியில் தோல் உறைக்குள்ளேயே வைத்திருப்பதும் வேண்டாம். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். பித்தளையில் பச்சை பூத்த தோட்டா சேம்பரில் ஒட்டும். மணிக்கட்டைத் தளரவிட்டுச் சுட்டாலும் ஸ்லைடு முழுசாகப் பின்னால் போகாமல், காலித் தோட்டா வெளியேறும் வாசலில் குத்திட்டு நிற்கும். இதைப் பிடித்தவரிடம் சொன்னால் கோபம்தான் வரும்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்கு மெருகு போடும் நண்பர் ஒருவர், "தோட்டா ஏறுற சரிவை பஃப் மோட்டார்ல ரெண்டு நிமிஷம் காட்டினா வழவழன்னு ஆயிரும்" என்றார். கொலுசு தேய்ந்தால் வெள்ளி போகும், அவ்வளவுதான். இங்கே சரிவின் கோணம் மாறினால் பிஸ்டலே போச்சு. தவிர, 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி பழுதுபார்க்கவும் உரிமம் வேண்டும்.

'இருநூறு ரவுண்டு சுட்டால் தானாகப் பழகிவிடும்' என்ற அமெரிக்க யோசனையும் நமக்கு ஒத்துவராது. வருடத்துக்கு எத்தனை தோட்டா வாங்கலாம் என்பது உரிமத்திலேயே எழுதியிருக்கிறதே! அதனால் மேகசின்களில் 1, 2 என்று எழுதுங்கள். எந்த மேகசின், எந்தத் தோட்டா, எத்தனையாவது ரவுண்டு, எப்படிச் சிக்கியது என்று நோட்டில் குறியுங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

விசையை அழுத்தியும் வெடிக்காமல் 'டிக்' என்று மட்டும் கேட்டால் குழலை இலக்கின் பக்கமே வைத்து முப்பது விநாடி பொறுங்கள், தாமதமாக வெடிப்பதுண்டு. சத்தம் வழக்கத்தைவிட அமுங்கலாக வந்தால் அடுத்ததைச் சுடவே கூடாது. குண்டு குழலுக்குள் நின்றிருக்கலாம். காலிசெய்து, ரேஞ்சு பொறுப்பாளரிடம் காட்டுங்கள்.

மாமாவின் நோட்டில், துடைத்த பிறகு வந்த சிக்கல் நான்கும் 2-ஆம் நம்பர் மேகசினுக்கு நேரே இருந்தன. டீலரிடம் அதை மட்டும் மாற்றிக்கொண்டார்.