வெங்காய வேர்நுனி ஸ்லைடு: பாதுகாப்பாகச் செய்வது எப்படி?

செல் பிரிவதைக் கண்ணால் பார்க்க வெங்காய வேரைப் போல எளிதாகக் கிடைக்கும் பொருள் வேறில்லை. ஆனால் இந்த ஒரே செய்முறைக்குள் அமிலம், ஆல்கஹால், தீ, பிளேடு, மெல்லிய கண்ணாடி எல்லாமே வந்துவிடுகின்றன. ஆய்வகச் சுவரில் ஒட்டியிருக்கும் விதிகளைத் தனியாக மனப்பாடம் செய்வதைவிட, வேலையோடு வேலையாகக் கற்றால்தான் மனதில் நிற்கும் என்று உறுதியாக நம்புகிறேன். அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

உள்ளே நுழையும் முன்

பருத்திக் கோட்டுதான் வேண்டும். பாலியெஸ்டர் துணி தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். முடியைக் கட்டுங்கள், துப்பட்டா நுனி கோட்டுக்குள் இருக்கட்டும், காலை முழுதாக மூடும் ஷூ போடுங்கள். பார்வைக்காக அணியும் கண்ணாடி பக்கவாட்டில் தெறிப்பதைத் தடுக்காது. அதற்கு மேல் பாதுகாப்புக் கண்ணாடி தேவை. தண்ணீர் பாட்டிலும் தின்பண்டமும் வெளியிலேயே இருக்கட்டும். அப்புறம், குழாயும் தீயணைப்பானும் எங்கே இருக்கின்றன என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

1. வேர் எடுப்பது

வெங்காயத்தின் காய்ந்த பழைய வேர்களை நீக்கி, அடிப்பகுதி மட்டும் நீரைத் தொடும்படி ஜாடி வாயில் வையுங்கள். சில நாட்களில் 2 முதல் 3 சென்டிமீட்டர் வேர் வரும். நுனிகளை வெட்டி, 1 பங்கு அடர் அசிட்டிக் அமிலமும் 3 பங்கு எத்தனாலும் கலந்த கரைசலில் ஒருநாள் ஊறவிட்டு, பிறகு 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்ற வேண்டும். அந்தக் கரைசலை ஆசிரியரோ ஆய்வக உதவியாளரோ கலக்கட்டும். அதன் நெடி கடுமையானது, எளிதில் தீயும் பிடிக்கும்.

2. அமிலமும் சாயமும்

ஒரு வேர்நுனியை ஸ்லைடில் வைத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு துளி, அசிட்டோகார்மைன் என்ற சிவப்புச் சாயம் இரண்டு மூன்று துளி விடுங்கள். டிராப்பர் மட்டுமே, எதையும் வாயால் உறிஞ்சி எடுக்கக் கூடாது. அமிலத்தை நீர்க்க வைக்க நேர்ந்தால், நீரில்தான் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். மாற்றிச் செய்தால் சூடேறித் தெறிக்கும். கண்ணில் பட்டுவிட்டால் இமையை விரித்துப் பிடித்து, குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிக்கொண்டே இருங்கள். இன்னொருவர் ஆசிரியரைக் கூப்பிடட்டும்.

3. சூடாக்குவது

இதில்தான் அவசரமே கூடாது. ஸ்பிரிட் விளக்கை ஏற்றும் முன் ஆல்கஹால் பாட்டிலை மூடி, வேறு மேசைக்குக் கொண்டுபோய்விடுங்கள். பக்கத்தில் தள்ளி வைத்தால் போதாது. ஆல்கஹால் ஆவி காற்றைவிடக் கனமானது. மேசைப் பரப்பில் படர்ந்து தீ இருக்கும் இடம் வரை வந்துவிடும். பகல் வெளிச்சத்தில் ஸ்பிரிட் சுடர் சரியாகத் தெரியாது, அதனால் அணைந்திருக்கிறது என்று நினைத்துக் கை நீட்டாதீர்கள். தீக்குச்சியால் மட்டுமே ஏற்றுங்கள். ஒரு விளக்கைச் சாய்த்து இன்னொன்றில் பற்றவைத்தால் ஸ்பிரிட் கொட்டித் தீப்பிடிக்கும். எரியும்போதோ சூடாக இருக்கும்போதோ ஸ்பிரிட் ஊற்றக் கூடாது. அணைக்க ஊதாமல் மூடியால் மூடுங்கள்.

ஸ்லைடை இடுக்கியில் பிடித்துச் சுடருக்கு மேலே மெல்ல நகர்த்துங்கள். ஒரே இடத்தில் காட்டினால் கண்ணாடி விரிசல் விடும். சாயம் கொதிக்கக் கூடாது. பிறகு 5 முதல் 10 நிமிடம் ஆறவிடுங்கள். கை சுட்டுவிட்டால் 20 நிமிடம் குளிர்ந்த குழாய்நீரில் காட்டுங்கள். பேனா மை, பற்பசை, ஐஸ் எதுவும் வேண்டாம்.

4. வெட்டி நசுக்குவது

இரண்டு பக்கமும் கூரான பிளேடு என்றால் ஒரு பக்கத்தில் தடித்த அட்டையைச் செருகிக்கொள்ளுங்கள். வேரை விரலால் பிடிக்காமல் ஊசியால் அழுத்தி, அடர்ந்து சாயமேறிய நுனியை மட்டும் வெட்டி வையுங்கள். ஒரு துளி நீர் விட்டு கவர் ஸ்லிப்பால் மூடுங்கள். அது 0.2 மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத கண்ணாடி. மேலே மடித்த வடிதாளை வைத்து நேராக அழுத்துங்கள். பக்கவாட்டில் தேய்த்தால் உடையும், செல்களும் சுருண்டுவிடும்.

5. பார்ப்பது

முதலில் 10 மடங்கு லென்ஸ், அப்புறம் 40. நாற்பதில் பெரிய திருகைத் தொடாதீர்கள், லென்ஸ் ஸ்லைடில் முட்டும். அடியில் ஒளியைத் திருப்பும் கண்ணாடி பொருத்திய பழைய மைக்ராஸ்கோப் என்றால் அந்தக் கண்ணாடியை நேரடிச் சூரியனை நோக்கித் திருப்பவே கூடாது. குவியும் ஒளி விழித்திரையைக் காயப்படுத்தும்.

முடிந்ததும்

உடைந்த கண்ணாடியையும் பிளேடையும் இடுக்கியால் எடுத்து, அதற்கென்று உள்ள தனிப் பெட்டியில் போடுங்கள். பொதுக் குப்பையில் போட்டால், அதை அள்ளும் பணியாளர் கையைத்தான் கிழிக்கும். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சின்னக் கீறல் என்றாலும் ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். அந்தக் கண்ணாடியில் என்ன கரைசல் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.