பைப்பு எப்போது சத்தம் போடுகிறது?

கீழே சம்ப், மொட்டைமாடியில் தொட்டி, நடுவில் மோட்டார். இப்படிப்பட்ட வீட்டில் பைப்புச் சத்தம் கேட்டதும் சுவரை உடைக்க வேண்டியதில்லை. சத்தம் எந்த நேரத்தில் வருகிறது என்று இரண்டு நாள் கவனியுங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

மோட்டாரை நிறுத்திய மறுநொடி ‘டம்’ என்று ஒரே அடி விழுந்தால், மேலே ஏறிய தண்ணீர் திரும்பி இறங்கும்போது என்ஆர்வி வால்வு (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) அறைந்து மூடுகிறது என்று பொருள். கதவு போல மடங்கும் தகடு உள்ள வால்வில் இது அதிகம். ஸ்பிரிங் வைத்த வால்வாக மாற்றுங்கள். தண்ணீர் திரும்புவதற்குள் ஸ்பிரிங்கே மூடிவிடும். மோட்டாரிலிருந்து மேலே தண்ணீர் ஏற்றும் டெலிவரி பைப்பு 1 அங்குலம் என்றால் வால்வும் 1 அங்குலம். மோட்டாருக்கு அருகில், டெலிவரி பக்கம், அம்புக்குறி தண்ணீர் போகும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு யூனியனும் (கழற்றி மாட்டக்கூடிய இணைப்பு) போட்டால் பிறகு கழற்ற பைப்பை அறுக்க வேண்டாம். மரையில் டெஃப்லான் டேப்பை மரை இறுகும் திசையிலேயே சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்கும்போது பிரிந்து வந்துவிடும்.

அந்த ‘டம்’ சத்தத்தோடு சேர்ந்து சுவரில் ‘தடதட’ என்று கேட்டால் கிளாம்ப் கழன்றிருக்கிறது. முக்கால் அங்குல சிபிவிசி (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்) பைப்பு படுக்கையாகப் போகும் இடத்தில் 3 அடிக்கு ஒரு கிளாம்ப் தேவை. வெந்நீர் பைப்பை மட்டும் இறுக்கிப் பிடிக்காதீர்கள். 3 மீட்டர் பைப்பு, 35 டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய 6 மி.மீ. நீளும். நகர இடமில்லாவிட்டால் கீசர் போட்ட சிறிது நேரத்தில் ‘டிக் டிக்’ என்று சத்தம் வரும். கிளாம்புக்கும் பைப்புக்கும் நடுவே பழைய சைக்கிள் டியூப் துண்டு வைத்தால் போதும்.

குழாயை மூடும்போது அடித்தால்? தொட்டித் தண்ணீருக்கு 10 மீட்டர் உயரத்துக்குத்தான் 1 கிலோ பிரஷர் (ஒரு சதுர செ.மீ.க்கு 1 கிலோ). தொட்டிக்கு 3 மீட்டர் கீழே உள்ள குழாயில் 0.3 கிலோதான் இருக்கும். அது பெரிதாக அடிக்காது. அப்படி அடித்தால் பெரும்பாலும் குழாய்களில் வேகம் கூட்டும் பிரஷர் பம்ப்தான் காரணம். அல்லது உயரமான அடுக்குமாடியின் கீழ்த்தளமாக இருக்கும். அங்கே லைனில் பிரஷர் குறைக்கும் வால்வு வைத்து 2 கிலோவில் நிறுத்தலாம். யாரும் குழாயைத் திறக்காமலே பம்ப் நின்று நின்று ஓடினால், முதலில் ஃப்ளஷ் டேங்க் ஒழுகுகிறதா என்று பாருங்கள். பம்போடு இருக்கும் பிரஷர் டேங்கில் (காற்று அடைத்த சிறு தொட்டி) காற்று இறங்கியிருந்தால் சிறு கசிவுக்கே பம்ப் அடிக்கடி ஓடும். மின்சாரத்தை அணைத்து, தண்ணீரை வடித்துவிட்டு, டயர் கேஜால் அளக்க வேண்டும், பம்ப் 1.5 கிலோவில் ஓடத் தொடங்கும் என்றால் காற்று 1.3 கிலோ. தண்ணீர் இருக்கும்போதே அளந்தால் கணக்குத் தப்பும்.

குழாயைப் பாதி திறக்கும்போது மட்டும் ரீங்காரம் வந்தால் வாஷர் தளர்ந்திருக்கிறது. கேட் வால்வை மூடி, ஸ்பிண்டிலை (கைப்பிடிக்குக் கீழே திரும்பும் தண்டு) கழற்றி, புது வாஷர் போட்டால் தீர்ந்தது. கால் சுற்றிலேயே முழுக்கத் திறக்கும் குழாயில் இந்த வாஷர் கிடையாது. ஸ்பிண்டிலையே மாற்ற வேண்டும்.

தொட்டி காலியாகி நிரம்பிய பிறகு குழாய் துப்பித் துப்பி வருவது ஏர் லாக், அதாவது பைப்பில் காற்று அடைத்துக்கொள்வது. அப்போதைக்கு, எல்லாவற்றிலும் கீழே உள்ள குழாயை முழுக்கத் திறந்துவிடுங்கள். நிரந்தரத் தீர்வு ஏர் வென்ட், அதாவது காற்று வெளியேறும் பைப்பு. தொட்டியின் அவுட்லெட் கேட் வால்வைத் தாண்டியதும் ஒரு டீ (மூன்று வழி இணைப்பு) போட்டு, அரை அங்குல பைப்பைத் தொட்டி மூடிக்கும் ஓர் அடி மேலே கொண்டுபோங்கள். நுனியைக் கீழ்நோக்கி வளைத்து வலை கட்டுங்கள். பூச்சி போகும் என்று சிலர் அதற்கு மூடி போட்டுவிடுகிறார்கள். அதோடு வென்ட் செத்தது.

இரவில் மோட்டார் ஓடும்போது தொட்டிக்குள் தண்ணீர் கொட்டும் இரைச்சல் மாடி அறைக்குக் கேட்டால், உள்ளே விழும் பைப்பை அடியிலிருந்து அரை அடி உயரம் வரை நீட்டுங்கள். ஆனால் நிரம்பும் மட்டத்துக்கு மேலே அந்தப் பைப்பில் 4 மி.மீ. துளை ஒன்று கட்டாயம். அது இல்லாவிட்டால், என்ஆர்வி கசியும் நாளில் தொட்டித் தண்ணீர் அந்தப் பைப்பு வழியே தானாக இழுக்கப்பட்டு (சைஃபன்) சம்ப்புக்கே திரும்பிவிடும். மோட்டார் ஓடும்போது துளையில் தண்ணீர் பீய்ச்சும். அது தொட்டிக்குள்தான் விழும்.