கலிபோர்னியாவில் பிள்ளைக்குப் பள்ளி மாற்றம் கேட்பவர்களுக்கு: கவுன்டி கல்வி அலுவலகமும் 30 நாள் கெடுவும்

சன்னிவேலில் வீடு கிடைத்துவிட்டது, இனிப் பள்ளிக்கூடக் கவலை இல்லை என்று யாராவது சொன்னால், சன்னிவேலில் எந்தப் பக்கம் என்று உடனே கேட்டுவிடுவேன். கலிபோர்னியாவில் நகரத்தின் எல்லை வேறு, அந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பான பள்ளி டிஸ்ட்ரிக்டின் எல்லை வேறு. ஒரே சன்னிவேல் முகவரிதான். ஒரு தெரு சன்னிவேல் டிஸ்ட்ரிக்டில் இருக்கும், இன்னொன்று குபர்டினோ யூனியனில் இருக்கும், வேறு சில தெருக்கள் சான்டா கிளாரா யூனிஃபைடில் இருக்கும். சான் ஹோசேயில் குடியிருந்துகொண்டு குபர்டினோ டிஸ்ட்ரிக்டில் படிக்கிற பிள்ளைகளும் உண்டு. ஃப்ரீமான்ட் யூனியன் உயர்நிலைப் பள்ளி டிஸ்ட்ரிக்டைத் தேடி ஃப்ரீமான்ட் நகரத்துக்குப் போய்விடாதீர்கள். அது குபர்டினோ, சன்னிவேல் பக்கத்தில் இருக்கிறது. ஃப்ரீமான்ட் நகரமோ அடுத்த கவுன்டியான (கவுன்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) அலமேடாவில், தனக்கென்று வேறொரு டிஸ்ட்ரிக்டோடு இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், டிஸ்ட்ரிக்டின் இணையதளத்தில் கதவு எண் உட்பட முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். வீட்டுத் தரகரின் வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.

சேர்க்கை வேலை சுலபம். பாஸ்போர்ட், வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, தடுப்பூசி அட்டை இருந்தால் போதும். செப்டம்பர் 1-க்குள் ஐந்து வயது நிறைந்தால் கிண்டர்கார்டன். நம் ஊர் அரசு அட்டவணையில் சின்னம்மைத் தடுப்பூசி கிடையாது, இங்கே கேட்பார்கள். அதை ஊரிலேயே போட்டுக்கொண்டு வந்தால் ஓர் அலைச்சல் மிச்சம். காசநோய்ப் பரிசோதனை தேவைப்பட்டால், பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்ட பிள்ளை என்று டாக்டரிடம் சொல்லி இரத்தப் பரிசோதனையாகக் கேளுங்கள். டி.சி. இல்லையே என்று பதற வேண்டாம். என்ன விசா என்று பள்ளி விசாரிக்கவும் கூடாது.

நம் ஆட்கள் தடுமாறுவது இதற்குப் பிறகுதான். பள்ளி பிடிக்கவில்லை, அல்லது இடம் மறுத்துவிட்டார்கள் என்றால், மேலே ஓர் அதிகாரி இருப்பார், அவரைப் பார்த்தால் காரியம் முடிந்துவிடும் என்ற நினைப்பு நமக்கு ஊறிப்போயிருக்கிறது. ஊரில் முதன்மைக் கல்வி அலுவலரின் (சி.இ.ஓ.) அலுவலகத்து வாசலில் மனுவோடு நின்று பழகியவர்கள் நாம். கலிபோர்னியாவின் 58 கவுன்டிகளிலும் ஒரு கல்வி அலுவலகம் இருப்பது உண்மைதான். ஆனால் அதன் தலைவரான கவுன்டி சூப்பரின்டென்டென்ட் எந்த ஆசிரியரையும் இடம் மாற்ற முடியாது, எந்தப் பிள்ளைக்கும் சீட்டு ஒதுக்க முடியாது. ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டுக்கும் வாக்காளர் தேர்ந்தெடுத்த தனி வாரியம் இருக்கிறது. பள்ளியை நடத்துவது அதுதான்.

அப்படியானால் கவுன்டிக்கு என்ன வேலை? பெரும்பாலும் கணக்குப் பார்க்கிற வேலை. 1991-இல் ரிச்மண்ட் டிஸ்ட்ரிக்ட் கையில் காசில்லாமல் கல்வியாண்டு முடிவதற்கு ஆறு வாரம் முன்பே பள்ளிகளை மூடப் பார்த்தது. நீதிமன்றம் தலையிட்டுத்தான் பிள்ளைகள் அந்த ஆண்டை முடித்தார்கள். அதே ஆண்டு வந்த சட்டத்துக்குப் பிறகு, டிஸ்ட்ரிக்டின் வரவு செலவுத் திட்டத்தைக் கவுன்டி சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். ஆண்டு நடுவில் இரண்டு முறை, கடனைச் சமாளிப்போமா என்று டிஸ்ட்ரிக்ட் அறிக்கை கொடுக்க வேண்டும். ஆங்கிலம் இப்போதுதான் கற்கிற பிள்ளைகளுக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கும் வருகிற கூடுதல் பணம் எப்படிச் செலவாகும் என்ற மூன்றாண்டுத் திட்டமும் கவுன்டியின் மேசைக்குப் போகிறது. சிறார் காவல் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளுக்கும், பள்ளியிலிருந்து நீக்கப்பட்டவர்களுக்கும் கவுன்டியே வகுப்பு நடத்துகிறது. ஊரில் பி.எட். முடித்துவிட்டு இங்கே வீட்டில் உட்கார்ந்திருக்கும் சகோதரிகளே, வேலை செய்யும் அனுமதி உங்களிடம் இருந்தால் அங்கே போய்க் கேளுங்கள். வெளிநாட்டுப் பட்டத்தை எங்கே மதிப்பிடுவது, கைரேகை எங்கே வைப்பது என்று வழி சொல்வார்கள். எத்தனை நல்ல கணக்கு டீச்சர்கள் இந்த ஊர் அடுக்குமாடிகளில் சாம்பார் வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

இதையெல்லாம் தாண்டி, பெற்றோருக்கு நேரடியாகப் பயன்படும் அதிகாரம் ஒன்று கவுன்டி கல்வி வாரியத்திடம் இருக்கிறது. அது மேல்முறையீடு. ஒரு டிஸ்ட்ரிக்டில் குடியிருந்துகொண்டு இன்னொன்றில் பிள்ளையைச் சேர்க்க வேண்டுமென்றால் இரண்டு டிஸ்ட்ரிக்டும் சம்மதிக்க வேண்டும். ஏதாவது ஒன்று மறுத்தால் கவுன்டி வாரியத்திடம் முறையிடலாம். வாரியம் அனுமதித்துவிட்டால் டிஸ்ட்ரிக்ட் சேர்த்துக்கொண்டாக வேண்டும். கெடு, இறுதி மறுப்பிலிருந்து 30 நாள். வேலை நாளல்ல, காலண்டர் நாள். சனி, ஞாயிறு, கோடை விடுமுறை எல்லாம் சேர்த்தி.

என் நண்பர் குடும்பம் மாட்டிக்கொண்டது இங்கேதான். கணவன் மனைவி இருவருக்கும் வேலை. பள்ளி விட்டதும் மகளைப் பார்த்துக்கொள்வது மனைவியின் அக்கா. அவர் வீடு பக்கத்து டிஸ்ட்ரிக்டில். நியாயமான காரணம்தான். சொந்த டிஸ்ட்ரிக்ட் விடுவித்துவிட்டது, மற்றது மறுத்துவிட்டது. மறுப்புக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் முறையீடு பற்றி எழுதியிருந்தது. நண்பர் முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டு தலைமையாசிரியருக்கு உருக்கமாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். ஆகஸ்டில் சில இடங்கள் காலியாகலாம் என்று இனிமையான பதில் வந்தது. அந்த இனிமையை நம்பிக் காத்திருந்தார்கள். அந்தச் சமயத்தில் வந்திருந்த மாமனார், திருநெல்வேலிப் பக்கத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், "சி.இ.ஓ. ஆபீசில் நான் பார்க்காத மனுவா? பெரிய அதிகாரியை நேரில் பார்த்துப் பேசுவோம்" என்று தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் அவரையும் அழைத்துக்கொண்டு கவுன்டி அலுவலகத்துக்குப் போனபோது, முகப்பில் இருந்த பெண்மணி கடிதத்தின் தேதியைப் பார்த்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு, கெடு முடிந்துவிட்டது என்றார். தாமதம் ஒன்றே முறையீட்டை மறுக்கப் போதுமான காரணம் என்று சட்டமே சொல்கிறது. அந்த ஆண்டு முழுவதும் நண்பரின் மனைவி வேலைநேரத்தைக் குறைத்துக்கொண்டு மகளை அழைத்துவர ஓடினார்.

எனவே மறுப்பு வந்த அன்றே மூன்றைச் செய்யுங்கள். கடிதத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். டிஸ்ட்ரிக்டுக்குள்ளேயே மறுபரிசீலனை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை முடித்த பிறகுதான் கவுன்டி உங்கள் மனுவை எடுக்கும், அதற்கும் தனிக் கெடு உண்டு. பிறகு, "இதுதான் இறுதி முடிவா, எந்தத் தேதியிலிருந்து கணக்கு?" என்று டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு, பதிலை எழுத்திலேயே வாங்குங்கள். தலைமையாசிரியரின் அன்பான மின்னஞ்சலுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

மனுவில் பள்ளியின் மதிப்பெண் தரவரிசையை எழுதாதீர்கள். நம்மவர்கள் பாதிப் பேர் அதைத்தான் எழுதுகிறார்கள். பிள்ளைப் பராமரிப்பு, அதே பள்ளியில் படிக்கும் உடன்பிறப்பு, உடல்நலம் என்று இந்தப் பிள்ளைக்கு மட்டுமே உரிய காரணத்தை, கடிதத்தோடும் சான்றோடும் வையுங்கள். துன்புறுத்தலுக்கு ஆளான பிள்ளை என்றால் அந்தப் புகார் ஏற்கெனவே பதிவாகியிருக்க வேண்டும். இன்னொரு வழியும் உண்டு: தாயோ தகப்பனோ அந்த டிஸ்ட்ரிக்டின் எல்லைக்குள் வாரம் பத்து மணி நேரமாவது நேரில் வேலை செய்தால், விரும்பும் டிஸ்ட்ரிக்ட் பிள்ளையை உள்ளூர்வாசியாகவே ஏற்கலாம். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு இது உதவாது.

மறுப்பை நிறவெறி என்று உடனே முடிவு கட்டவும் வேண்டாம். பாலோ ஆல்டோ போன்ற இடங்களில் டிஸ்ட்ரிக்டுக்கு வரும் சொத்துவரியே, பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்து மாநிலம் போடும் நிதிக் கணக்கைவிட அதிகம். புதிதாக ஒரு பிள்ளை வந்தால் செலவு ஏறும், வரவு ஏறாது; அதனால் கதவை இறுக்கிப் பிடிக்கிறார்கள். அதற்காக உறவினர் முகவரியைப் போட்டு ஏமாற்றச் சொல்லும் வாட்ஸ்அப் அண்ணன்களை நம்பிவிடாதீர்கள். வீட்டுக்கே ஆள் அனுப்பிச் சரிபார்க்கும் டிஸ்ட்ரிக்டுகள் உண்டு. பிடிபட்டால் நடு ஆண்டில் வெளியே நிற்கப்போவது அந்த அண்ணனின் பிள்ளை அல்ல.

அனுமதி கிடைத்தாலும் அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். ஒவ்வோர் ஆண்டும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்று இரு டிஸ்ட்ரிக்டுகளின் ஒப்பந்தத்தில் நிபந்தனை இருந்தால், அது அந்தத் தாளில்தான் இருக்கும்.