பாகொவா, பகோவா? மாட்ரிட் வருபவர்களுக்கு

மாட்ரிட் வந்ததும் முதல் வேலை, முகவரியை நகராட்சியில் பதிவது. எம்பத்ரொனமியேந்தொ என்பார்கள். அப்புறம் கைரேகை வைத்து வெளிநாட்டவர் அட்டை. அதற்கு முன்பதிவு கிடைப்பதற்குள் உயிர் போய்விடும். இதையெல்லாம் முன்னால் வந்தவர்கள் சொல்லித்தருவார்கள். யாரும் சொல்லித்தராத ஒன்றுக்கு, ஸ்பானியச் சொல்லில் எந்த அசையை அழுத்துவது என்பதற்கு, நான் 350 யூரோ தண்டம் அழுதேன்.

அறை நண்பன் அந்த மாத வாடகையை வீட்டுக்காரரின் தம்பி கையில் கொடுத்திருந்தான். வீட்டுக்காரர் போனில் கேட்டார். ‘அவன் கட்டியாச்சு’ என்று சொல்வதாக நினைத்து, “யா பாகொ” என்றேன். அவர் காதில் விழுந்தது, ‘இதோ நான் கட்டுகிறேன்.’ சாயங்காலம் வாசலில் வந்து நின்றார். வாதாட மொழி இல்லை, கொடுத்தேன். திரும்பி வர இரண்டு மாதம்.

நான் சொல்லியிருக்க வேண்டியது “பகோ”. ஸ்பானியத்தில் எழுத்து ஒன்றுதான் (pago, pagó), கடைசி ஒ-வின் தலையில் ஒரு சாய்கோடு, அவ்வளவே. தமிழில் அசையை அழுத்தினால் பொருள் மாறாது. படு, பாடு என்று குறில் நெடில்தான் மாற்றும். அந்தக் காதையே இங்கே பயன்படுத்துங்கள். அழுத்தம் விழும் அசையை நெடிலாகவும் மற்றதைக் குறிலாகவும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்பானியர் அவ்வளவு நீட்டுவதில்லை, ஆனாலும் புரிந்துவிடும்.

விதி சின்னது. சொல் உயிரிலோ, ன், ஸ் இரண்டிலோ முடிந்தால் கடைசிக்கு முந்திய அசை: ஆப்-லொ (பேசுகிறேன்), ஆப்-லன் (பேசுகிறார்கள்). வேறு மெய்யில் முடிந்தால் கடைசி அசை: கொ-மேர் (சாப்பிட). சாய்கோடு இருந்தால் விதியை விடுங்கள், கோடு இருக்கும் இடம்தான்: அப்-லோ (பேசினார்).

அசை பிரிப்பதில் ஒரு வம்பு உண்டு. இ, உ இரண்டும் அ, எ, ஒ பக்கத்தில் வந்தால் ஒட்டிக்கொண்டு ஒரே அசையாகிவிடும். ‘மாற்றுகிறேன்’ என்பது காம்-பியொ, இரண்டே அசை. அந்த இ மேல் கோடு வந்தால் தனிக்குடித்தனம்: கொ-மீ-அ (சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்), மூன்று.

அலுவலகச் சன்னலில் “எஸ்பேரெ” என்றால் உங்களைக் காத்திருக்கச் சொல்கிறார்கள். “எஸ்பெரே” என்றால் ‘நான் காத்திருந்தேன்’. காலை ஒன்பதிலிருந்து நின்றவனுக்கு இரண்டும் தேவைப்படும். வாட்ஸாப்பில் இவர்களே கோடு போடுவதில்லை என்பது தனி எரிச்சல்.

“யா பகோ” நான் மொபைலில் படித்த லத்தீன் அமெரிக்க வழக்கு. மாட்ரிட்டில் இப்போதுதான் கட்டியதற்கு “யா அ பகாதொ” என்பார்கள். அதில் அழுத்தம் சறுக்கினாலும் ‘நான் கட்டுகிறேன்’ ஆகாது. ஒன்றாம் தேதி வீட்டுக்காரர் கூப்பிட்டால் நான் அதைத்தான் சொல்கிறேன், ரசீதையும் படம் எடுத்து அனுப்பிவிட்டு.