ஐடிலிங் இறங்காத அமால்

பழைய டிரயல்ஸ் வண்டி (பாறை, மேடுகளை மெதுவாகத் தாண்டும் போட்டிக்கான பைக்). பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர், அமால் கான்சென்ட்ரிக் மார்க் 1. ஆக்ஸிலரேட்டரை விட்டாலும் ஆர்பிஎம் உடனே இறங்கவில்லை. பாறை ஏற முறுக்கினால் திக்கியது. இரண்டுமே பெட்ரோல் குறைந்த கலவையின் அறிகுறி. முழு வேகத்துக்குப் பெட்ரோல் விடும் மெயின் ஜெட்டை மாற்றுவது வீண். டிரயல்ஸில் பெரும்பாலும் ஓடுவதே, ஆக்ஸிலரேட்டர் கொஞ்சமாகத் திறந்திருக்கும்போது பெட்ரோல் தரும் பைலட் சர்க்யூட்டில்தான்.

முதலில் ஃபிளேஞ்ச், அதாவது கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் தட்டை விளிம்பு. நட்டை அதிகம் முறுக்கினால் அது வளையும், காற்று புகும், ஆக்ஸிலரேட்டரோடு ஏறி இறங்கும் ஸ்லைடும் சிக்கும். கண்ணாடி மேல் 400 நம்பர் எமரித்தாள் விரித்துத் தேய்த்துச் சமமாக்கி, புது ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போட்டேன். பாதி சரியானது.

மீதிக் கோளாறு, பைலட் சர்க்யூட்டுக்குப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் பைலட் ஏர் ஸ்க்ரூவுக்குப் பின்னால், ஆழத்தில் உள்ள புஷ்ஷில் (நடுவில் நுண்துளை உள்ள சிறு குழல்). துளை 0.016 அங்குலம்தான்; க்ளீனர் ஸ்ப்ரே மட்டும் போதவில்லை. 0.015 அங்குல கிதார் கம்பியை ஸ்க்ரூ துளை வழியே நேராக விட்டதும் அடைப்பு விலகியது.

ஸ்க்ரூவை மூடி ஒன்றரைச் சுற்று திறந்து, எஞ்சின் சூடானதும் கால் சுற்றாக நகர்த்தினேன். உள்ளே திருப்பினால் பெட்ரோல் கூடும்.